முகட்டில் காற்று பலமாக அடிக்கிறது, காற்றாலைக்கு நிலம் கொடுக்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவில், மலை முகட்டில் எங்களுக்கு 5 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. சரிவில் காப்பியும் மிளகும். மேலே வெறும் புல்லும் பாறையும். ஆடி மாதம் மேலே ஆள் நிற்க முடியாது, அப்படிக் காற்று. காற்றாலைக்கு இடம் பார்ப்பதாக ஒருவர் வந்து, முன்பணம் தருகிறேன், பவர் எழுதிக் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா? அல்லது வீட்டுக்கு மட்டும் நாங்களே சின்னதாக ஒன்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பவர் எழுதிக் கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் காற்றைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் காற்றாலைகள் கூட்டமாக நிற்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைப் பக்கம், உடுமலை–பல்லடம், ஆண்டிபட்டி–தேனி. எல்லாமே கணவாய்களின் வாயில் இருக்கும் தரைக்காடு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரில் முட்டி, இடைவெளி கிடைத்த இடத்தில் நெருக்கிக்கொண்டு வெளியே வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். அதைத் தாண்டி வரும் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை ஒரே திசையில், ஒரே சீராக ஓடும். காற்றாலைக்கு வேண்டியது அந்தச் சீர்தான். உங்கள் நிலம் இருப்பது கணவாயில் அல்ல, சுவரின் தலையில். அங்கே காற்று இருக்கிறது, ஆனால் கிழிந்த காற்று.

இதை நீங்களே பார்த்துவிடலாம். இருபதடி மூங்கில் ஒன்றில் தலை உயரம், பத்தடி, உச்சி என மூன்று இடங்களில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுங்கள். ஆடிக் காற்றில் முகட்டின் விளிம்பில் நட்டுவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். இதே மலையில் வேறொரு முகட்டில் நான் நட்டபோது உச்சித் துணி கிழக்கே விறைப்பாகப் பறந்தது. நடுத்துணி மேலும் கீழும் உதறியது. அடித்துணி மேற்கே, காற்று வரும் பக்கமே திரும்பிப் போய்க் கம்பில் சுற்றிக்கொண்டது. செங்குத்தான சரிவில் ஏறும் காற்று விளிம்பைத் தாண்டியதும் தரையை விட்டுப் பிரிந்து சுழல்கிறது. இந்தச் சுழல் எவ்வளவு உயரம் வரை இருக்கிறது என்பது முக்கியம். இறக்கைகள் அதில் சிக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு அடி, கீழே ஒரு அடி வாங்கும். பேரிங்கும் கியர்பாக்ஸும் சீக்கிரம் போய்விடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்றில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கம், அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில் மாறும். சராசரி வேகம் நொடிக்கு 6 மீட்டரிலிருந்து 5 மீட்டராகக் குறைந்தாலே ஆற்றல் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். ஆடி மாதக் காற்றை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. கம்பம் நட்டு, கருவி பொருத்தி, குறைந்தது ஓராண்டு அளக்க வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் நாட்டின் காற்று வரைபடத்தை வெளியிட்டிருக்கிறது. அதில் உங்கள் பகுதியைப் பார்ப்பது முதல் படி, அவ்வளவுதான். மலையில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் காற்று மாறும், அதை வரைபடம் காட்டாது.

சரி, காற்று நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய காற்றாலையில் ஒரு இறக்கை மட்டும் 60 மீட்டருக்கு மேல் வரும். ஐந்து பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம், நடுவில் மடங்காது. நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் அது எப்படித் திரும்பும்? வளைவை அகலப்படுத்த வேண்டும், மரத்தை வெட்ட வேண்டும், சரிவைக் குடைய வேண்டும். மேலே போனால் 20 மீட்டர் அகலத்தில் கான்கிரீட் அடித்தளம், பக்கத்தில் பெரிய கிரேன் நிற்கச் சமதளம். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவார்கள்? உங்கள் காப்பிக்கு மேலேதான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2018இல் கஜா புயல் நம் மலையில் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். முகட்டுப் புல்லை வெறும் தரை என்று நினைக்காதீர்கள். மழையை உறிஞ்சி வைத்திருந்து உங்கள் ஊற்றுக்குக் கொடுப்பது அதுதான்.

அனுமதியும் லேசில் கிடைக்காது. பட்டா நிலத்திலும் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாடும் இருக்கிறது. 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, அதன் எல்லை உங்கள் நிலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் வனத்துறையில் கேட்க வேண்டும்.

இப்போது பவர் விஷயம். பொது அதிகாரப் பத்திரம் கையில் இருந்தால், அதில் எழுதியிருப்பதைப் பொறுத்து அவர் நிலத்தை விற்கலாம், அடமானம் வைக்கலாம். காற்றாலை வருகிறதோ இல்லையோ, நிலம் கைமாறிவிடும். உண்மையாகவே காற்றாலை போட வருகிறவர் முதலில் கேட்பது, அளவுக் கம்பம் நட ஓராண்டு அனுமதி. அதற்குத் தனியாக ஒப்பந்தம் போடுங்கள்: இத்தனை சென்ட், இந்த சர்வே எண், இவ்வளவு வாடகை, அளந்த விவரத்தில் உங்களுக்கும் ஒரு நகல். பிறகு பேச்சு வளர்ந்தால் பதிவு செய்த குத்தகை மட்டுமே. காலம் முடிந்ததும் இயந்திரத்தைக் கழற்றி எடுக்கும் செலவுக்கு முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கிவிடுங்கள். உங்களுடையது அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டாவாக இருந்தால், எதிலும் கையெழுத்துப் போடும் முன் தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வீட்டுக்குச் சின்னக் காற்றாலையையும் நான் சொல்ல மாட்டேன். சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கும் எந்த மரத்தையும் விட இறக்கை முப்பதடி உயரத்தில் சுற்ற வேண்டும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் அறுபதடி என்றால், கோபுரம் தொண்ணூறடிக்கு மேல். அந்தச் செலவில் பேட்டரியோடு சோலார் போட்டு, மிச்சமும் பிடிக்கலாம். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் இணைக்கும் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். அதனால் பேட்டரியோடு இருப்பதையே கேட்டு வாங்குங்கள்.

மேகம் மூடும் மாதங்களுக்கு வேறு வழி உண்டு. உங்கள் நிலத்தில் கோடையிலும் வற்றாத ஓடை இருக்கிறதா? நொடிக்கு 5 லிட்டர் தண்ணீர், 20 மீட்டர் இறக்கம் இருந்தால், சின்ன டர்பைன் ஒன்று ஏறத்தாழ அரை கிலோவாட்டை இரவு பகலாகக் கொடுக்கும். விளக்கு, டிவி, போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் போதும். தண்ணீரை ஓடைக்கே திருப்பி விடுவதால் கீழே இருப்பவர்களுக்குக் குறையாது, ஆனாலும் அவர்களிடமும் ஊராட்சியிலும் முன்பே பேசிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் ஓடைக் குறுக்கே மண் அணைத்து, ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, 20 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். நான்கு நொடியில் நிரம்பினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், குழாய் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.