கேள்வி-பதில்: குட்டிப் போர் விமானமும் ஐந்து நட்சத்திரங்களும்

ரிமோட்டில் பறக்கும், 400 மி.மீ. இறக்கை நீளமுள்ள பி-51 மஸ்டாங் போர் விமானத்தின் மாதிரியைப் பள்ளியில் படிக்கும் மகனுக்கு வாங்கலாமா? விமர்சனங்களில் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் தந்திருக்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

வாங்கலாம், ஆனால் நட்சத்திரங்களை நம்பி வாங்காதீர்கள். ஃபோமில் செய்த இந்த எடை குறைந்த விமானம் சாயும்போது உள்ளிருக்கும் கைரோ என்ற சாய்வுணர் கருவி தானே சமன்படுத்துவதால்தான், போர் விமான வடிவத்தைப் புதியவரும் பறக்கவிட முடிகிறது. சுமாரான காற்றே அதை மைதானத்துக்கு வெளியே தள்ளிவிடும் என்பதால் காற்று அடங்கிய காலை நேரமே உகந்தது.

பெட்டியைப் பிரித்து, ஒருமுறை பறக்கவிட்டு, அன்றே எழுதுவதை விமர்சனம் என்று ஏற்க எனக்கு ஒருபோதும் மனம் வருவதில்லை. இந்த விமானம் விழத்தான் செய்யும். விழுந்தபின் எது உடைந்தது, அந்தப் பாகம் தனியாகக் கிடைத்ததா, என்ன விலை என்பதைத்தான் வாங்குபவர் அறிய வேண்டும். புரொப்பல்லர் உடையும், அதைச் சுழற்றும் சிறு பிளாஸ்டிக் கியரின் பல் தேயும், உள்ளே மின்சாரம் கடத்தும் பிரஷ் உராய்ந்துகொண்டே இருப்பதால் பிரஷ் மோட்டாரும் நெடுநாள் உழைக்காது. நான் வாங்கிய கோர்சேர் என்ற இன்னொரு போர் விமான மாதிரியில் கியர் உடைந்தபோது, கியர் தனியாக இல்லை, முழு விமானமாகவே வாங்குங்கள் என்றார் விற்றவர். விமானத்தின் உடலில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை. இணைய விமர்சனங்களை முறைப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தபோது, அதைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. ஆகவே நட்சத்திரங்களை நம்பாமல், உதிரிபாகம் விற்கும் கடையைக் கண்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

பெட்டியில் ரிமோட்டே இல்லை. ஏமாற்றப்பட்டேனா? விளம்பரத்தில் "பி.என்.எஃப்." என்று மட்டும் இருந்தது. (வாசகர், மதுரை)

இல்லை. பி.என்.எஃப். என்றால் "பைண்ட் அண்ட் ஃப்ளை", அதாவது இணைத்துப் பறக்கவிடு; ரிமோட் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதே அந்த மூன்றெழுத்தின் பொருள். பணம் கட்டுமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

விமானத்தின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பிவிட்டது. இன்னும் ஒருமுறை சார்ஜ் செய்யலாமா? (வாசகர், திருச்சி)

கூடாது, தீப்பிடிக்கும்.

நான்கு சேனல் (நான்கு தனிக் கட்டுப்பாடுகள்), அசையும் ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) என்று விளம்பரப்படுத்திய ஸ்பிட்ஃபயர் மாதிரி விமானத்தை இணையச் சந்தையில் வாங்கினேன். வந்ததில் ஏலரான் வெறும் ஸ்டிக்கர் கோடு. "திரும்பப் பெற இயலாது" என்கிறார் விற்பனையாளர். (வாசகி, தஞ்சாவூர்)

உங்கள் கோபம் நியாயமானது. சட்டமும் உங்கள் பக்கமே நிற்கிறது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. விளம்பரப் பக்கத்தையும், ஏலரான் இருக்க வேண்டிய இடத்தையும் இன்றே படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சந்தைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது.