நிதிக் கம்பனி பற்றிய மத்திய வங்கியின் பரிசோதனை அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியுமா?

கேட்கலாம். ஆனால் முழு அறிக்கையும் கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கேட்கிற விதத்தை மாற்றினால் உங்களுக்கு உண்மையில் தேவையானதில் பாதியாவது வரும்.

நீங்கள் சொல்வது இதுதான்: அம்மா 50 வயதில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டு எடுத்த சேமலாப நிதிச் சல்லியை ஹட்டனில் ஒரு நிதிக் கம்பனியில் நிலையான வைப்பாகப் போட்டிருக்கிறார், இப்போது வட்டி இழுபடுகிறது, மத்திய வங்கி அந்தக் கம்பனியைப் பரிசோதித்து என்ன கண்டது என்று தெரிய வேண்டும். கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் இதே கதையோடு வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன்.

இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. மத்திய வங்கி, பங்குச் சந்தையைக் கவனிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு இரண்டுமே அதற்குள் அடங்கும். வேறு எந்தச் சட்டத்தோடு முரண்பட்டாலும் இதுவே மேலோங்கும் என்கிறது 4ஆம் பிரிவு. ஆகவே "எங்கள் சட்டம் இரகசியம் காக்கச் சொல்கிறது" என்பது மட்டும் பதிலாகாது. மறுப்பதென்றால் 5ஆம் பிரிவில் உள்ள காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும்.

நிதி விஷயத்தில் அடிக்கடி காட்டப்படுபவை இரண்டு. 5(1)(இ)-யை உங்களிடம் காட்டினால் ஏற்காதீர்கள். நாணய மாற்று விகிதம், வங்கி ஒழுங்குவிதி, வரி போன்றவற்றில் அரசு எடுக்கப்போகும் முடிவு முன்கூட்டியே கசிந்து பொருளாதாரம் பாதிக்கப்படாமல் காப்பதற்கானது அது. போன வருடம் முடிந்த பரிசோதனைக்கு அதில் இடமில்லை. 5(1)(ஈ)-தான் உண்மையான முட்டுக்கட்டை: மூன்றாம் தரப்பின் வணிக இரகசியமும் போட்டி நிலையும். கம்பனி நம்பிக்கையின்பேரில் கொடுத்த விவரம் என்றும் சொல்வார்கள். அப்போது 29ஆம் பிரிவின்படி கம்பனியிடமே ஆட்சேபனை உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்றா சொல்லப்போகிறார்கள்?

இந்த இழுபறி நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கச் சட்டத்தில் வங்கிப் பரிசோதனை அறிக்கைகளுக்கென்றே தனி விலக்கு இருக்கிறது. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் மற்றும் சந்தைகள் சட்டம், 348ஆம் பிரிவில் கதவைச் சாத்திவிடுகிறது. இந்திய உச்ச நீதிமன்றமோ 2015 டிசம்பரில், ரிசர்வ் வங்கி காக்க வேண்டியது பொதுமக்கள் நலனைத்தான், வங்கிகளின் நலனை அல்ல என்று சொல்லி, தகவலைக் கொடுக்கச் சொன்னது.

மறுப்பவர்களின் பயம் முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 'கம்பனி ஆட்டம் காண்கிறது' என்று ஒரு தாள் வெளியே வந்தால் மறுநாள் காலையில் கிளை வாசலில் கியூ நிற்கும், தாங்கக்கூடிய கம்பனியும் விழும். ஆனால் சட்டவிரோதப் பணப்புழக்கத்தைக் கண்காணிக்கும் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு, தண்டப்பணம் விதித்த வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் பெயர் சொல்லியே அறிவிக்கிறது. அதனால் வங்கிகள் சரிந்துவிடவில்லையே. அதோடு, ஒரு கம்பனியின் உரிமம் இரத்தான பிறகு, போட்டி நிலை என்று காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கிறது?

ஆகவே கம்பனியின் கணக்கைக் கேட்காதீர்கள், அதை ஒழுங்குபடுத்தும் மத்திய வங்கி என்ன செய்தது என்று கேளுங்கள். இப்படி: "இக்கம்பனிக்கு 2022 முதல் எழுத்துமூலம் வழங்கப்பட்ட பணிப்புரைகள் எத்தனை, எந்தத் திகதிகளில்? புதிய வைப்பு ஏற்பதற்கு வரம்பு விதிக்கப்பட்டதா? வைப்பாளர்களிடமிருந்து கிடைத்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன?" இவை மத்திய வங்கியின் சொந்தச் செயல்கள். இவற்றை இன்னொருவரின் வணிக இரகசியம் என்பது கஷ்டம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவுக்கு ஓர் ஒழுங்குபடுத்தும் நிறுவனத்திலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது: தகவல் இரகசியமானது, 5ஆம் பிரிவின்படி தர முடியாது. எந்த உட்பிரிவு என்று இல்லை, மேன்முறையீடு யாரிடம் என்றும் இல்லை. இரண்டையும் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மேன்முறையீட்டில் அதையே எழுதினோம். பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்கு செல்லாது என்கிற 5(4)-ஐயும், கொடுக்கக்கூடிய பகுதியைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் 6ஆம் பிரிவையும் சேர்த்தோம். பிறகு வந்த தாள்களில் தொகைகள் எல்லாம் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. பணிப்புரைத் திகதிகள் மட்டும் அப்படியே இருந்தன. அவர் வைப்புப் போட்ட நாளுக்கு முன்பே எச்சரிக்கை போயிருந்தது தெரிய, அந்தத் திகதிகளே போதும்.

தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம், பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: கம்பனியின் பெயர் மத்திய வங்கி வெளியிடும் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உரிமம் இரத்தானாலும் வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. வைப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் அடையாள அட்டையில் உள்ளது போலவே இருக்கிறதா? தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், அட்டையில் வேறு பெயர் என்பது நம் பக்கம் சாதாரணம். வித்தியாசம் இருந்தால் கம்பனி திறந்திருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள்.