தாம்பரத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை: கைக்குழந்தையோடும் நான்கு வயதுப் பிள்ளையோடும் காரில் செல்வது எப்படி?

தாம்பரத்தில் வசிக்கும் வாசகி ஒருவர் இவ்வாறு எழுதியிருக்கிறார்: "மே மாதத்தில் அம்பாசமுத்திரத்திற்கு அருகிலுள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் எட்டு மாத மகளுக்கு முடி இறக்க வேண்டும். நான்கு வயது மகனும் மாமியாரும் உடன் வருகிறார்கள். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், விடியும்போது ஊரில் இருக்கலாம் என்கிறார் என் கணவர். குழந்தையைத் தம் மடியிலேயே வைத்துக்கொள்வதாக மாமியார் சொல்கிறார். மகனுக்குக் காரில் அரை மணி நேரம் போனாலே குமட்டல் வரும். நாங்கள் எப்படித் திட்டமிடுவது?"

முதலில் மடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பயணத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாத விஷயம் இது ஒன்றுதான். உங்கள் மாமியாரின் அன்பையோ அவர் பிள்ளைகளை வளர்த்த அனுபவத்தையோ நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதாவது மோதி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் நின்றால், 8 கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் 110 கிலோவுக்கும் அதிகமான சுமையைப் போல முன்னால் பாயும். நெடுஞ்சாலையில் நீங்கள் செல்லப்போவது அதைவிட அதிக வேகத்தில். எவ்வளவு இறுக்கி அணைத்தாலும் மனிதக் கைகளால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. பெரியவர் சீட் பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய உடலே குழந்தையை நசுக்கிவிடும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அபராதத்திற்காக அல்ல, மேலே சொன்ன கணக்கிற்காகவே இதைச் செய்யுங்கள். மாமியாரிடமும் அந்தக் கணக்கையே எடுத்துச் சொல்லுங்கள், பேத்தியின் மேல் உயிரையே வைத்திருப்பவருக்கு அது நிச்சயம் புரியும்.

மகளுக்கான இருக்கை காரின் பின்புறத்தைப் பார்த்தவாறு பொருத்தப்பட வேண்டும். இந்த வயதில் தலை, உடலோடு ஒப்பிடும்போது பெரியது. கழுத்து எலும்புகளும் தசைகளும் இன்னும் உறுதிப்படவில்லை. பின்னோக்கி அமர்ந்த குழந்தையின் தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றையும் மோதலின்போது இருக்கையின் முதுகுப்பகுதி ஒருசேரத் தாங்கிக்கொள்ளும். முன்னோக்கி அமர்ந்தால் உடல் பெல்ட்டில் நின்றுவிடத் தலை மட்டும் முன்னால் எறியப்படும். ஆகவே குறைந்தது 15 மாதம் வரையிலும், இருக்கையின் எடை வரம்பும் உயர வரம்பும் இடம் கொடுத்தால் இரண்டு வயதைத் தாண்டியும் பின்னோக்கியே உட்கார வையுங்கள். இந்த இருக்கையை ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையின் உயிரைப் பறித்துவிடக்கூடும். மகனுக்கு 18 கிலோ வரை தோள், இடுப்பு, தொடைகளுக்கு இடையே என ஐந்து முனைகளில் பிணைக்கும் வார் உள்ள முன்னோக்கிய இருக்கை பொருந்தும். வாங்கும்போது ஏஐஎஸ் 072, ஈசிஇ ஆர்44/04, ஆர்129 ஆகிய தரக்குறியீடுகளுள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் காரின் பின்சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (குழந்தை இருக்கையைச் சீட் பெல்ட் இல்லாமல் நேராகப் பூட்டுவதற்காகக் காரிலேயே பதித்திருக்கும் உலோகப் பிடிகள்) இருந்தால் அவற்றில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் மூன்று முனை சீட் பெல்ட்டில் இறுக்கிக் கட்டலாம். பொருத்திய பிறகு அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையின் தோள் எலும்பின்மீது வாரை இரு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு விழக் கூடாது.

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. சிறிய கார்களில் இரண்டு குழந்தை இருக்கைகளைப் பின்னால் பொருத்தினால் நடுவில் ஒரு பெரியவர் உட்கார இடம் நெருக்கடியாகிவிடும். பின்னோக்கிய இருக்கை நிறைய இடம் கேட்பதால் அதற்கு முன்னாலுள்ள சீட்டையும் சற்று முன்னே தள்ள வேண்டிவரும். மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் ஆறு மணி நேரம் அப்படி உட்கார்வது துன்பம். எனவே பயணத்திற்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரும் காரில் ஏறி உட்கார்ந்து, செங்கல்பட்டு வரை ஒருமுறை போய்வந்து பாருங்கள். இடம் போதவில்லை என்றால் பெரிய காரை வாடகைக்கு எடுப்பதோ, மாமியாரை உறவினர் ஒருவரோடு ரயிலில் அனுப்புவதோ மேல். குழந்தையின் இருக்கையை எடுத்துவிடுவது மட்டும் தீர்வாகாது. அந்த ஒத்திகையில் பிள்ளைகளும் இருக்கைக்குப் பழகிவிடுவார்கள். முதல் நாள் பிரித்த புதிய இருக்கையில் மறுநாள் நெடும்பயணம் போன குழந்தைகள் வழியெல்லாம் அழுததையும், தாங்க முடியாமல் பெற்றோர் பாதி வழியில் மடிக்கு மாற்றியதையும் நான் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது இரவுப் பயணம். பிள்ளைகள் தூங்குவார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஓட்டுபவரும் தூங்க விரும்பும் நேரம் அது. பகல் முழுவதும் வேலை பார்த்த ஒருவருக்கு அதிகாலை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை உடல் தானாகவே உறக்கத்தை நோக்கி இழுக்கும். தேநீரும் பாட்டும் அதைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிர மாற்றாது. விளக்கில்லாமல் சாலையோரம் நிற்கும் லாரி கண்ணில் படுவதும் அப்போதுதான் தாமதமாகும். குழந்தை தொடர்பான காரணமும் ஒன்று இருக்கிறது. சாய்ந்த இருக்கையில் நெடுநேரம் தூங்கும் கைக்குழந்தையின் தலை முன்னால் சரிந்து, மோவாய் நெஞ்சில் படிந்து, மூச்சுப்பாதை மடங்கிவிடக்கூடும். பகலில் பக்கத்தில் இருப்பவர் இதைப் பார்த்துச் சரிசெய்வார். இருட்டில், அதுவும் எல்லோரும் கண்ணயர்ந்த காரில், யார் பார்ப்பது?

இதனால்தான் கைக்குழந்தையை இருக்கையில் தொடர்ந்து இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்கிறோம். உங்கள் பயணத்தைக் கிலோமீட்டரில் அளக்காமல் இந்த இரண்டு மணி நேரத்தால் அளந்தால் திட்டம் தானாக உருவாகிவிடும். தாம்பரத்திலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 600 கிலோமீட்டர், அங்கிருந்து அம்பாசமுத்திரம் இன்னும் 40 கிலோமீட்டர் அளவு. கைப்பேசி வரைபடம் பத்து, பதினொரு மணி நேரம் என்று காட்டும். பாலூட்டவும் டயப்பர் மாற்றவும் மகனை ஓடவிடவும் சேர்த்து அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். பதினைந்து, பதினாறு மணி நேரத்தை ஒரே நாளில் வைப்பது நியாயமல்ல. இரண்டு நாளாகப் பிரித்து, திருச்சியில் ஓர் இரவு தங்குங்கள்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குள் கிளம்பினால் செங்கல்பட்டு வரையிலான நெரிசலையும் பரனூர் சுங்கச்சாவடியின் வரிசையையும் தவிர்த்துவிடலாம். திண்டிவனத்தை ஒட்டிக் காலை உணவு; உளுந்தூர்பேட்டை அருகே இரண்டாவது நிறுத்தம்; பெரம்பலூர்ப் பக்கம் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரமாவது குழந்தையை இருக்கையிலிருந்து எடுத்து, விரிப்பில் மல்லாக்கவும் குப்புறவும் படுக்கவிடுங்கள். நண்பகலை ஒட்டித் திருச்சி சேர்ந்துவிடுவீர்கள், அக்னி நட்சத்திர வெயிலின் உச்சத்தில் சாலையில் இருக்க மாட்டீர்கள். வந்ததுதான் வந்தோம் என்று மலைக்கோட்டை ஏறும் ஆசையை அன்று ஒத்திவைத்துவிடுங்கள்; மகன் மாலையில் ஓடியாட ஓர் இடமும் எல்லோருக்கும் நல்ல தூக்கமும் போதும். மறுநாள் ஐந்தரைக்குப் புறப்பட்டு மதுரையைச் சுற்றுச்சாலை வழியே கடப்பதற்கு முன் ஒரு நிறுத்தம், கோவில்பட்டியில் இன்னொன்று. பதினோரு மணி வாக்கில் திருநெல்வேலி. நிறுத்தம் என்றால் பெட்ரோல் பங்க், உணவகம் போன்ற வளாகத்திற்குள் மட்டுமே. நெடுஞ்சாலையின் ஓரத்தில் வேண்டாம். வேறு வழியின்றி நிற்க நேர்ந்தால் எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்குங்கள். நடுவழியில் கார் நின்றுவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, ஆம்புலன்சுக்கு 108.

மகனுடைய குமட்டலுக்கு வருகிறேன். கண் காருக்குள் அசையாத பொருளைப் பார்க்க, காதின் உட்பகுதியோ உடல் அசைவதை உணர, இரண்டு செய்திகளும் முரண்படுவதால் வருவது இது; இரண்டு வயதுக்குக் கீழே அரிது, அதன்பின் பன்னிரண்டு வயது வரை அதிகம். ஆகவே கைப்பேசியும் படப்புத்தகமும் ஓடும் காரில் கூடவே கூடாது, அவன் எவ்வளவு கேட்டாலும். ஜன்னல் வழியே தொலைவில் பார்க்கும் உயரத்தில் அவனை உட்கார வையுங்கள். பார்க்கக் காரணமும் கொடுங்கள்: செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, திருச்சியில் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடக்கும் பாலங்கள், மதுரைக்கு முன் படுத்திருக்கும் யானைபோலத் தெரியும் யானைமலை, கயத்தாறு பக்கம் சுழலும் காற்றாலைகள். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவன் கேட்கும்போது கிலோமீட்டர் சொன்னால் விளங்காது, "இன்னும் இரண்டு பாலம், அப்புறம் சாப்பாடு" என்றால் விளங்கும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. புறப்படுமுன் ஓர் இட்லி போதும். மாற்றுடையும் துண்டும் கெட்டியான பைகளும் டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வாந்திக்கான மருந்தை மருத்துவர் அவனைப் பார்த்து, எடைக்கேற்ப அளவு சொன்னால் மட்டும் கொடுங்கள். தூங்க வைப்பதற்காகச் சளி மருந்தைக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை எந்தப் பிள்ளைக்கும் செய்யாதீர்கள், கைக்குழந்தைக்கு அது மூச்சையே அடக்கிவிடக்கூடும்.

உணவில் புதுமை வேண்டாம். மகளுக்குத் தாய்ப்பாலே முதன்மை. ஆனால் பாலூட்டுவதற்காக ஓடும் காரில் அவளை இருக்கையிலிருந்து எடுக்காதீர்கள், ஐந்து நிமிடம் அழுதாலும் வண்டியை நிறுத்திவிட்டே எடுங்கள். பால் பவுடர் கொடுப்பதாக இருந்தால் கொதிக்கவைத்த நீரை ஃபிளாஸ்கில் சூடாகவும், பவுடரை அளந்து தனி டப்பாக்களிலும் எடுத்துக்கொண்டு அவ்வப்போது கலந்து, நன்றாக ஆறவைத்துக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். வெந்நீரில் குழைத்த இட்லி, மசித்த வாழைப்பழம், வீட்டில் பழகிய கேழ்வரகுக் கூழ் ஆகியவை போதும். ஒரு வயது நிறையாதவளுக்குத் தேன் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். பெரியவர்களுக்குப் பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் தாங்கும். தேங்காய்ச் சட்னி மே மாத வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயை வாங்காமல் வர உங்கள் மாமியார் ஒப்ப மாட்டார், வாங்குங்கள். ஆனால் கடலை, முறுக்கு, சீடை போன்றவை ஓடும் காரில் நான்கு வயதுப் பிள்ளையின் தொண்டையில் சிக்கினால் காப்பாற்ற நேரம் இருக்காது. வீட்டுக்குப் போய், உட்கார்ந்து சாப்பிடட்டும்.

வெயில் விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: பில் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று பிள்ளைகளைப் பூட்டிய காரில் ஒரு நிமிடம்கூட விட்டுச் செல்லாதீர்கள். நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் 10 டிகிரி வரை வெப்பம் ஏறலாம்; குழந்தையின் உடல் பெரியவரைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடாகும். வெயிலை மறைக்க இருக்கையின்மேல் துணி போர்த்தினால் உள்ளே காற்று அடைபடும், ஆகையால் அதுவும் வேண்டாம். கார் வெயிலில் நின்றிருந்தால் வாரின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பார்த்த பிறகே மாட்டுங்கள். ஏ.சி. காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அரை மணிக்கு ஒருமுறை மாற்றி வெளிக்காற்றை உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுபவருக்கு மந்தம் தட்டும். பின்கண்ணாடி ஓரப் பலகையில் எவர்சில்வர் தூக்கு, தேங்காய், குடை எதையும் வைக்காதீர்கள், திடீரென பிரேக் அடித்தால் அவை பிள்ளைகளின் தலைமேல் பறந்துவரும். டயரின் காற்றழுத்தத்தைக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபாருங்கள், உதிரி டயரையும்தான்.

கோயிலில் முடி இறக்குபவரிடம் பிரிக்காத புதிய பிளேடைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். முடி இறக்கிய அன்றே திரும்பிவிட நினைக்காமல், இரண்டு நாளாவது ஊரில் இருந்து பிள்ளைகளும் ஓட்டுபவரும் நன்கு உறங்கிய பிறகு, அதே இரண்டு நாள் கணக்கில் புறப்படுங்கள். மகளின் மொட்டைத் தலையில் வெயில் நேராகப் படாதபடி, நிறுத்தங்களில் இறங்கும்போது மெல்லிய பருத்தித் தொப்பி போடுங்கள். இருக்கையில் உட்கார வைத்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், உடல் வெப்பம் தலை வழியே வெளியேற வேண்டும்.