மகளின் இசை வரலாற்றுப் படிப்புக்குத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் 4 ஏக்கர் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், பியானோவில் எட்டாம் கிரேடு தேறியவள். ஐரோப்பாவில் கன்சர்வேட்டரியில் (இசைப் பயிற்சிக் கல்லூரி) இசை வரலாறு படிக்க வேண்டும் என்கிறாள். சேலத்தில் ஓர் ஏஜென்ட் மூன்று வருடத்துக்கு 60 லட்சம் என்று மதிப்பீடு தந்திருக்கிறார். டெபாசிட் 9 லட்சம், செல்வமகள் கணக்கில் 10 லட்சம் இருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கலாமா? சில்வர் ஓக் மரங்களை விற்கலாமா?

பதில்: முதலில் மரம். அதை விட்டுவிடுங்கள் ஐயா. மலைப்பகுதியில் வெட்ட அனுமதி வாங்கும் அலைச்சல் ஒருபக்கம் இருக்கட்டும், உங்கள் மிளகு ஏறி நிற்பதே அந்த மரத்தில்தான். அரபிக்கா காப்பிக்கு நிழலும் அதுதான். ஒரு தடவை கிடைக்கும் காசுக்காக இரண்டு வெள்ளாமையை இழப்பீர்கள்.

நீங்கள் அனுப்பிய மதிப்பீட்டுத் தாளை இரண்டு முறை படித்தேன். 'இதர செலவு' என்று கடைசி வரியில் 2 லட்சம், விவரம் எதுவும் இல்லை. கீழே பொடி எழுத்தில் 'வரிச்சலுகை உண்டு'. அது கல்விக் கடன் வட்டிக்கான வரிக்கழிவு, 1961 வருமான வரிச் சட்டத்தில் 80இ பிரிவு. பழைய வரி முறையில் வரி கட்டுகிறவருக்குத்தான் அது பயன்படும். விவசாய வருமானத்துக்கு வரியே இல்லாத உங்களுக்கு எதில் சலுகை?

சரி, கடனுக்கு வருவோம். டெபாசிட்டும் செல்வமகள் கணக்கில் பாதியும் போக 46 லட்சம் வேண்டும். வட்டி 10.5 சதவீதம், வருடத்துக்கு ஒரு தவணையாகப் பணம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருட அவகாசமும் கழியும்போது கடன் 60 லட்சத்தைத் தொட்டிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 81,000 ரூபாய்க்கு மேல். உங்களுக்குக் காப்பிக் காசு வருவதோ வருடத்தில் ஓரிரு மாதம். தவிர, 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி ஈடு கேட்கும். விவசாய நிலத்தை ஈடாக வாங்கப் பல கிளைகள் தயங்கும், வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்பார்கள்.

பணத்தை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. மகள் வாசிக்க வேண்டுமா, ஆராய வேண்டுமா? கன்சர்வேட்டரி அடிப்படையில் வாசிப்பவர்களை உருவாக்கும் இடம். 1795-இல் தொடங்கிய பாரிஸ் கன்சர்வேட்டரி உட்பட அங்கெல்லாம் இசை வரலாறு பெரும்பாலும் துணைப்பாடம். (அந்தப் பெயரே நேப்பிள்ஸ் நகரத்து அனாதை இல்லங்களிலிருந்து வந்தது. அங்கே பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்து வளர்த்தார்கள். இன்றைய கட்டணத்தைப் பார்த்தால் பெற்றவர்கள் அங்கே போய்ச் சேர வேண்டியதுதான்.) இசை வரலாற்றையே தனிப் படிப்பாக நடத்துவது பல்கலைக்கழகங்களின் இசையியல் துறைகள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள்.

ஆனால் சாப்பாடும் வாடகையும் இலவசமில்லையே. விசாவுக்கு முன்பே வருடச் செலவு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று கணக்கிட்டால் 12 லட்சம். மூன்று வருட இளங்கலைக்கு 36 லட்சம், இரண்டு வருட முதுகலைக்கு 24. அதனால் இளங்கலையை இங்கேயே முடிக்கட்டும், முதுகலைக்கு மட்டும் ஜெர்மனி போகட்டும். சென்னை ராணி மேரி கல்லூரியில் பி.ஏ. இசை இருக்கிறது, அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். பியானோ படித்த பெண்ணுக்குக் கர்நாடக இசையா என்று கேட்காதீர்கள். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குப் பாட்டு எழுதியிருக்கிறார், நோட்டு சுவரம் என்பார்கள். இரண்டு பக்கமும் தெரிந்தவர் அதை ஆராயப் போனால், ஐரோப்பிய மாணவரிடம் இல்லாத ஒன்று அவர் கையில் இருக்கும். கூடவே ஜெர்மன் மொழி. அங்கே இந்தத் துறைப் பாடம் பெரும்பாலும் ஜெர்மனில்தான். சென்னையில் ஜெர்மன் கற்றுத்தரும் கோத்தே நிலையம் இருக்கிறது, இந்த வருடமே ஆரம்பிக்கட்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 9 லட்சம் டெபாசிட்டைத் தொடாதீர்கள். 7 சதவீதம் வைத்தால் மூன்று வருடத்தில் 11 லட்சம். முடக்கக் கணக்கின் முதல் வருடத்துக்குக் கிட்டத்தட்ட அதுவே போதும். ஈடு கேட்காத 7.5 லட்சம் கல்விக் கடன், படிப்பு முடிந்தபின் மாதத் தவணை 13,000-க்குள் அடங்கும். முதுகலைக்கான 24 லட்சத்தில் பற்றாக்குறை ஐந்தரை லட்சம். அதில் இந்த மூன்று வருட மிளகுக் காசு கொஞ்சம். அங்கே மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், மகளின் சம்பாத்தியம் கொஞ்சம். டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைக்கும் போட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் லாபம்.

செல்வமகள் கணக்கு? அதைச் சென்னைப் படிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது தேறியிருந்தாலே, போன நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம். ஆனால் அட்மிஷன் ஆவணத்தில் காட்டியிருக்கும் கட்டண அளவுக்குத்தான் தருவார்கள். கல்விக் கட்டணம் இல்லாத ஜெர்மனிக்கு அதைக் கேட்டால் தபால் நிலையத்தில் விழிப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை, ஐந்து வருடம் வரை பிரித்தும் வாங்கலாம். கல்லூரி ரசீதையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஏஜென்டின் தாள் அங்கே தேவைப்படாது.