மாத்திரைப் பையைக் கொண்டு வாருங்கள்

கேள்வி: காங்கயம் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். என் மாமியாருக்கு 74 வயது. பிபிக்கும் சுகருக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாகக் காலையில் எழும்போதும், கட்டுத்தரையில் குனிந்து நிமிரும்போதும் 'கிறுகிறுன்னு வருது' என்று சுவரைப் பிடித்துக்கொள்கிறார். நாலு மாதமாக மறதியும் சேர்ந்துவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார். மாமனார் போன வருடம் தவறிவிட்டார், அதிலிருந்து தூக்கத்துக்கும் ஒரு மாத்திரை. 'வயசானா அப்படித்தான், வுடு' என்கிறார் என் வீட்டுக்காரர். தலைக்கு ஸ்கேன் எடுக்கலாமா டாக்டர்?

பதில்: அம்மணி, ஸ்கேனுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், மருந்துக் கடையில் சும்மா கேட்டு வாங்கிய சளி மாத்திரை, மூட்டு வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே உங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். சீட்டு மட்டும் போதாது. பிபிக்கு ஒருவர், சுகருக்கு ஒருவர், தூக்கத்துக்கு இன்னொருவர் என்று மூன்று இடத்தில் எழுதி வாங்கியதை ஒன்றாக வைத்துப் பார்க்க இதுவரை யாருக்கும் வாய்த்திருக்காது. கிறுகிறுப்பும் மறதியும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்தால் நான் முதலில் அந்தப் பையைத்தான் பார்ப்பேன்.

கிறுகிறுப்பை முதலில் பார்ப்போம். படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்கும். இளவயதில் ரத்தக்குழாய்கள் நொடியில் இறுகி அதைச் சரிக்கட்டிவிடும். வயதானால் அந்த வேகம் குறையும், நாள்பட்ட சுகர் இருந்தால் அந்த வேலையைச் செய்யும் நரம்புகளே பழுதாகியிருக்கும், அதன் மேல் பிபி மாத்திரையும் சேர்ந்தால் நின்றவுடன் பிபி சரசரவென்று இறங்கி மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடுகிறது. உட்கார வைத்து மட்டும் பிபி பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருந்தை மாற்றியமைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருபவர் இருந்தால் அவரிடமே இப்படிப் பார்க்கச் சொல்லலாம்.

அப்புறம் தண்ணீர். நம்ம பக்கத்து வறண்ட வெயிலும் காற்றும் உடம்பை உறிஞ்சிவிடும், வயதானவர்களுக்குத் தாகமே சரியாக எடுக்காது. அதற்கு மேல், கழிப்பறை சாளையிலிருந்து தள்ளி இருக்கிறது, ராத்திரி எழுந்து போக வேண்டும் என்று எத்தனையோ அம்மாக்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். இதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் என்று சாப்பாட்டை விட்டுவிட்டு சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிறாரா என்றும் கேளுங்கள். சுகர் இறங்கினால் வியர்த்து, தலை சுற்றி, பேச்சே குழறும்.

இனி மறதி. தூக்க மாத்திரை புத்தியை மந்தமாக்கும், காலையிலும் அந்தத் தள்ளாட்டம் போகாது. சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் சில பழைய மாத்திரைகளும், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் வயதானவர்களின் ஞாபகத்தைக் குழப்பும். ஆனால் தூக்க மாத்திரையைத் தடாலென்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சுகருக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பி12 சத்து குறையலாம், அசைவம் சாப்பிடாதவர்களுக்கு இன்னும் கூடுதலாக. பி12 குறைவு மறதியையும் கொடுக்கும், உள்ளங்கால் மரத்து நடை தடுமாறவும் வைக்கும். கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். அதோடு தைராய்டு, ரத்தத்தில் சோடியம், ரத்தசோகை, ஒரு ஈசிஜி, சிறுநீர்ப் பரிசோதனை. பெரிய செலவு ஒன்றும் இல்லை.

மாமனார் தவறியதை நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரியிலேயேதான் மனசு நின்றது. ஐம்பது வருடம் கூட இருந்த மனுசன் போன பிறகு ஒரு அம்மாவுக்குத் தூக்கம் போய், பசி போய், எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனசில் எதுவும் தங்காது, பார்ப்பவர்களுக்கு அது மறதியாகத்தான் தெரியும். துக்கம் இறுகி மனச்சோர்வாகியிருந்தால் அதற்கும் மருத்துவம் உண்டு. அவரோடு வீட்டு ஆசாரத்தில் உட்கார்ந்து மாமனாரைப் பற்றிப் பேசுங்கள். அந்தப் பேச்சே வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் ஒதுக்கியிருந்தால் அவர் தனியாகத்தான் அதைச் சுமந்துகொண்டிருப்பார்.

ஸ்கேன் உடனே வேண்டியது எப்போது என்றால், கடந்த இரண்டு மூன்று மாதத்தில் கீழே விழுந்தோ நிலவுகாலில் இடித்தோ தலையில் அடிபட்டிருந்தால். லேசான அடியாக இருந்தாலும் வயதானவர்களுக்கு மூளையைச் சுற்றி ரத்தம் மெல்ல மெல்லத் தேங்கி, வாரக்கணக்கில் கழித்து மறதியாகவும் தடுமாற்றமாகவும் வெளியே வரும். சமயத்தில் பார்த்தால் அதைச் சரிசெய்ய முடியும்.

அதுவரை, எழும்போது கட்டிலில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும். குளிப்பது ஸ்டூலில் உட்கார்ந்து. பால் காய்ச்சும் வேலை உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: கோபியிலிருந்து எழுதுகிறேன். எங்கய்யனுக்கு 79. சந்தைக்குப் போனவர் வழி தெரியாமல் வேறு ஊரில் நின்றார். பால்காரருக்கு இரண்டு தடவை பணம் கொடுக்கிறார், காட்டுப் பத்திரத்தை நான் திருடிவிட்டேன் என்கிறார். இரண்டு வருடமாகக் கூடிக்கொண்டே போகிறது. அல்சைமரா?

பதில்: இருக்கலாம், நீங்கள் எழுதியிருப்பது சாதாரண மறதி இல்லை. பேரன் பெயர் சட்டென்று வராமல் அப்புறம் ஞாபகம் வருவது வேறு, நாற்பது வருடம் நடந்த வழி தொலைவது வேறு. நரம்பியல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள், மேலே சொன்ன ரத்தப் பரிசோதனைகள் இவருக்கும் வேண்டும். அல்சைமர் என்றால் அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. டோனெபெசில் போன்றவை சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், ஆனால் அது நாடியை மெதுவாக்கித் தலைசுற்ற வைக்கலாம், அப்படி வந்தால் உடனே சொல்லுங்கள்.

பத்திர விஷயத்தில் வாதாடாதீர்கள், திருடன் என்று சொல்வது நோய்தான், உங்கய்யன் இல்லை. 'வாங்க, சேர்ந்து தேடலாம்' என்று பீரோவைத் திறந்து காட்டுங்கள். சட்டைப் பையில் எப்போதும் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும், வாய்க்கால் பக்கம் தனியே விடவேண்டாம். ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது.

கேள்வி: படுக்கையில் புரண்டால் அரை நிமிடம் வீடே சுற்றுகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. தலைசுற்றல் மாத்திரையை ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். வயது 68, திருப்பூர்.

பதில்: உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணத்துகள்கள் இடம் மாறியதாக இருக்க வாய்ப்பு அதிகம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சில கோணங்களில் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடுவார், பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகும். மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய நோய் இல்லை இது. சில தலைசுற்றல் மாத்திரைகள் நாள்பட்டால் கைநடுக்கத்தையும் உடம்பு இறுக்கத்தையும் கொண்டுவரும், ஆகவே எந்த மாத்திரை என்று அவரிடம் காட்டுங்கள். சுற்றலோடு பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அது வேறு கதை. விடியட்டும் என்று படுத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.