இழுத்தால் சரி, ஊதினால் தப்பு: ரப்பர் கணக்கில் வாசகர் கேள்விகள்

கேள்வி: ரப்பர் டயாஃபிரம் ஒன்றை வடிவமைக்கிறேன். அதே ஷீட்டிலிருந்து பட்டை வெட்டி இழுவைச் சோதனை செய்து, மூனி–ரிவ்லின் என்ற ரப்பர் கணக்கு மாதிரியில் பொருத்தினேன். கோடு புள்ளிகள் மேலேயே போகிறது. ஆனால் கணினியில் காற்றழுத்தம் கொடுத்தால் டயாஃபிரம் பாதிகூடப் புடைப்பதில்லை. நிஜத்தில் நன்றாகப் புடைக்கிறது. எங்கே பிழை?
– பொறியியல் மாணவி, கருப்பூர், சேலம்

பதில்: பொருத்தியதில் பிழை இல்லை. செய்த சோதனை போதாது. பட்டை ஒரு திசையில் நீள்கிறது, அகலமும் தடிமனும் சுருங்குகின்றன. டயாஃபிரத்தின் நடுப்பகுதியோ இரு திசைகளிலும் ஒரே சமயத்தில் நீள்கிறது, தடிமன் மட்டும் மெலிகிறது. ஒன்றை அளந்துவிட்டு மற்றதைக் கேட்கிறீர்கள்.

சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். நீண்ட நீளத்தை மூல நீளத்தால் வகுத்தால் வருவது லாம்டா. சி1, சி2 இரண்டும் நீங்கள் பொருத்திக் கண்டுபிடிக்கும் மாறிலிகள். தகைவு என்பது விசையை இழுக்காத பரப்பால் வகுத்தது. ஒரு திசை இழுவையில் மூனி–ரிவ்லின் தரும் தகைவு:

2 × (சி1 + சி2 ÷ லாம்டா) × (லாம்டா − 1 ÷ லாம்டா²)

இரு திசையிலும் சமமாக இழுத்தால்:

2 × (சி1 + சி2 × லாம்டா²) × (லாம்டா − 1 ÷ லாம்டா⁵)

சி2 நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். லாம்டா 3 என்றால், முதலாவதில் அது மூன்றால் வகுபடுகிறது, இரண்டாவதில் ஒன்பதால் பெருகுகிறது. 27 மடங்கு வித்தியாசம். சி1 0.15, சி2 0.05 மெகாபாஸ்கல் என்று வையுங்கள். இழுவையில் தகைவு 0.96 மெகாபாஸ்கல் வரும், இருதிசை நீட்சியில் 3.6. அந்த 3.6-இல் முக்கால் பங்கு சி2 கொடுத்தது. இழுவைச் சோதனையில் இருந்த இடம் தெரியாமல் இருந்த மாறிலி இங்கே மொத்தத்தையும் பிடித்துக்கொள்கிறது.

உண்மை ரப்பர் அப்படி நடப்பதில்லை. ரப்பர் ஆய்வாளர் ட்ரெலோர் 1944-இல் வெளியிட்ட அளவுகளில், லாம்டா 3-ஐ ஒட்டி இழுவைத் தகைவு சுமார் 0.85, இருதிசைத் தகைவு சுமார் 1.24 மெகாபாஸ்கல். ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மேலே உள்ள மாறிலிகள் தருவதோ மூன்றே முக்கால் மடங்கு. உங்கள் டயாஃபிரம் கணினியில் விறைத்து நிற்பது இதனால்தான். சில சமயம் பொருத்தும் நிரல் சி2-ஐ எதிர்மறையாகக் கொடுத்துவிடும். அப்போது நிலைமை இன்னும் மோசம்: சி1 0.15, சி2 −0.02 என்றால் லாம்டா 3-இல் இருதிசைத் தகைவே எதிர்மறையாகிவிடும், கணக்கு நடுவழியில் நின்றுவிடும்.

இருதிசைச் சோதனைக் கருவி எளிதில் கிடைக்காது. அதற்கு மாற்று அமுக்கச் சோதனை. ரப்பரின் கன அளவு கிட்டத்தட்ட மாறாததால், உருளையை மேலிருந்து அமுக்குவதும் பக்கவாட்டில் இரு திசையிலும் இழுப்பதும் கணக்கில் ஒன்றே. உயரம் கால் பங்காகக் குறைந்தால் பக்கவாட்டு லாம்டா 2. சுமார் 29 மி.மீ. விட்டம், 12.5 மி.மீ. உயரமுள்ள வில்லை போதும். தட்டுகளில் சிலிக்கோன் எண்ணெய் தடவியே ஆகவேண்டும். உராய்வு இருந்தால் வில்லை நடுவில் பீப்பாய் போல் பிதுங்கும், அந்த அளவு எதற்கும் உதவாது. இழுவை, அமுக்கம் இரண்டின் புள்ளிகளையும் சேர்த்து ஒரே தடவையில் பொருத்துங்கள்.

இழுவை மட்டும்தான் முடியும் என்றால் மூனி–ரிவ்லினை விட்டுவிடுங்கள். சி2 உறுப்பே இல்லாத யோ மாதிரியோ, அருடா–பாய்ஸ் 1993-இல் கொடுத்த எட்டுச் சங்கிலி மாதிரியோ எடுங்கள். அளக்காத திசையில் அவை இவ்வளவு தூரம் தடம் புரள்வதில்லை. லாம்டா பெரிதாகும்போது வளைகோடு சட்டென்று மேலே ஏறுவதையும் இவை காட்டும், மூனி–ரிவ்லின் காட்டாது.

கேள்வி: லாரிக்கு ரப்பர் பேடு வார்க்கும் சிறிய பட்டறை. கடினத்தன்மை அளக்கும் ஷோர் மீட்டர் தவிர வேறு கருவி இல்லை. வடிவமைத்துத் தருபவர் தகைவு–நீட்சி வளைகோடு கேட்கிறார். எடைக்கல் தொங்கவிட்டு எடுக்கலாமா?
– வாசகர், சங்ககிரி

பதில்: தாராளமாக எடுக்கலாம். பேடு வார்க்கும் அதே கலவையில், அதே வேக்காட்டில் 2 மி.மீ. ஷீட் போட்டு, 6 மி.மீ. அகலத்தில் பட்டை வெட்டுங்கள். நடுவில் 25 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கோடுதான் அளக்க வேண்டும். பிடியிலிருந்து அளந்தால் பட்டை வழுக்குவதும் நீட்சியாகக் கணக்கில் ஏறிவிடும். மியூ (பக்கவாட்டில் சரிவதை எதிர்க்கும் விறைப்பு, ஷியர் மாடுலஸ்) 1.2 மெகாபாஸ்கல் உள்ள கலவை என்றால் இரு மடங்கு நீள சுமார் 2.6 கிலோ பிடிக்கும்.

கரி கலந்த ரப்பர் முதல் இழுப்பில் விறைப்பாக இருக்கும், அடுத்தடுத்த இழுப்பில் தளரும். மல்லின்ஸ் விளைவு என்பது இதுதான். ஆகவே பேடு வேலையில் காணப்போகும் உச்ச நீட்சி வரை நான்கைந்து முறை இழுத்து விட்டுவிட்டு, கோடுகளின் இடைவெளியைப் புதிதாக அளந்து அதையே மூல நீளமாக எடுங்கள். பிறகு 200 கிராம் படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு எடைக்கும் ஒரே அளவு நேரம், ஒரு நிமிடம் போதும், விட்டு அளக்கவும்.

விசையை இழுக்காத பட்டையின் பரப்பால் வகுங்கள். மென்பொருள்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். மெலிந்த பரப்பால் வகுத்தால் லாம்டா 2-இல் விடை இரட்டிப்பாகும். லாம்டா 1.1-க்குக் கீழே உள்ள புள்ளிகளை நம்ப வேண்டாம், அளவுகோல் பிழையே அங்கே பெரிது.

இரும்புத் தகட்டோடு ஒட்டிய பேடு பக்கவாட்டில் பிதுங்க முடியாது. 100 × 100 × 10 மி.மீ. பேடுக்கு, சுமை தாங்கும் பரப்பை நான்கு பக்கத் திறந்த பரப்பால் வகுத்தால் 2.5. இந்த எண்ணின் வர்க்கத்தை இரட்டித்து 1 கூட்டினால் 13.5. பட்டையில் அளந்த யங் குணகத்தை (சிறு நீட்சியில் தகைவை நீட்சி விகிதத்தால் வகுத்தது) போல அத்தனை மடங்கு வரை பேடு விறைப்பாக நிற்கும். கடினமான கலவையில் கொஞ்சம் குறையும். ஷோர் எண்ணை மட்டும் வைத்துப் பேடின் அழுந்தலைச் சொல்ல முடியாதது இதனால்தான்.

கேள்வி: சேலத்தில் அளந்த மாறிலிகள் மார்கழிக் குளிரில் ஏற்காட்டுக்குப் பொருந்துமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கரி கலக்காத ரப்பரின் விறைப்பு தனிவெப்பநிலையைப் பின்தொடரும். 35 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறங்கினால், அதாவது 308-இலிருந்து 288 கெல்வினுக்கு, ஆறரை சதவீதம் குறையும். குளிரில் ரப்பர் தளர்வது விந்தையாகத் தோன்றும், ஆனால் அதன் மீட்சி சங்கிலி மூலக்கூறுகளின் வெப்ப அசைவிலிருந்து வருகிறது. கரி நிறைந்த கலவையில் திசை தலைகீழாகலாம், குளிரக் குளிர அது விறைக்கும். அப்படிப்பட்ட பேடுக்கு எடைக்கல்லையும் பட்டையையும் மலைக்கே கொண்டுபோய் அதிகாலையில் அளந்துவிடுங்கள்.