கனடாவில் நேர்காணல்: சறுக்குவது இங்கிலீஷில் இல்லை

தம்பி, கோயம்புத்தூரில் ஆறு வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்துவிட்டு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்திருக்கிறீர்கள். மூன்று நேர்காணல் போயும் ஒன்றும் அமையவில்லை, என் இங்கிலீஷ்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. டொராண்டோவில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். நம் உச்சரிப்பு இங்கே யாருக்கும் புதிதில்லை. இப்போது நானே ஆள் எடுக்கும் இடத்தில் உட்காருகிறேன். நன்றாக வேலை தெரிந்த நம் பிள்ளைகள் பலர் ஒரே இடத்தில்தான் வாய்ப்பை விடுகிறார்கள்: செய்ததைச் சொல்வதில்லை.

"மாதக் கணக்கு முடிக்கும்போது ஒரு பிழையைக் கண்டுபிடித்த சம்பவம் ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால், "பேயபிள்ஸ், ரிசீவபிள்ஸ், பேங்க் ரெகன்சிலியேஷன் எல்லாம் பார்த்தோம், டீமில் எல்லாரும் சேர்ந்து செய்தோம்" என்று பதில் வருகிறது. அடக்கமாகப் பேசுவது நமக்கு வளர்ப்பிலேயே வந்தது, புரிகிறது. ஆனால் எதிரே இருப்பவர் கையில் மதிப்பெண் தாள் இருக்கும். நீங்கள் வாய்விட்டுச் சொல்லாததற்கு அவர் மதிப்பெண் போட முடியாது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஒரு சப்ளையருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருந்தது. அவர்கள் ஸ்டேட்மெண்டை நம் லெட்ஜரோடு ஒப்பிட்டபோது நான் கவனித்தேன். மேனேஜரிடம் சொல்லி, சப்ளையரிடம் கிரெடிட் நோட் வாங்கினேன். அப்புறம் பில் நம்பரைச் சரிபார்க்காமல் பேமெண்ட் போடக்கூடாது என்று நடைமுறை கொண்டுவந்தேன்." அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. இதுபோல் ஐந்தாறு சம்பவம் கைவசம் இருக்கட்டும்: கெடு நெருக்கிய நேரம், சக ஊழியரோடு வந்த கருத்து வேறுபாடு, நீங்களே செய்த தவறு. "நான் தவறே செய்ததில்லை" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான பதில்.

லட்சம், கோடி இங்கே புரியாது, மில்லியனில் சொல்லுங்கள். சம்பளம் கேட்டால் வரிக்கு முந்தைய ஆண்டுத் தொகையைச் சொல்லுங்கள், மாதக் கணக்கு வேண்டாம். 2026 ஜனவரி 1 முதல் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் (மிக உயர்ந்த சம்பள வேலைகளுக்கு மட்டும் விலக்கு). அதைப் பார்த்துக்கொண்டு போனால் ரொம்பக் குறைத்துக் கேட்டு ஏமாற வேண்டியதில்லை.

அதே சட்டப்படி விளம்பரத்தில் 'கனடிய அனுபவம் தேவை' என்று போடவும் கூடாது. ஆனாலும் அந்தச் சந்தேகம் கேட்பவர் மனதில் இருக்கலாம், நீங்களே முந்திக்கொள்ளுங்கள். இங்கே விற்பனை வரி 13%, எச்எஸ்டி என்பார்கள். உள்ளீட்டு வரியைக் கழித்துக் கட்டும் முறை நம் ஜிஎஸ்டியில் நீங்கள் தினமும் பார்த்ததுதானே? அதைச் சொல்லுங்கள். நம் டேலி கணக்கு மென்பொருள் இங்கே பலருக்குத் தெரியாது, குவிக்புக்ஸ் மென்பொருளைக் கொஞ்சம் பழகிவிட்டுப் போங்கள்.

ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை இருந்தால் எடுத்துவிடுங்கள். கல்யாணம் ஆயிற்றா, குழந்தை உண்டா என்று கேட்பது இங்கே மனித உரிமைச் சட்டத்துக்கு ஒத்துவராது. யாராவது கேட்டால் கோபப்படாமல், "வேலை நேரத்தில் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை" என்று நகர்ந்துவிடலாம். சின் நம்பரை (அரசு தரும் சமூகக் காப்பீட்டு எண்) வேலை உறுதியாகும்வரை கொடுக்காதீர்கள், இதில் தயவுதாட்சண்யமே வேண்டாம்.

நேர்காணல் முடிந்த அன்றே நாலு வரியில் நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள். 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா என்று தெரிவிக்க வேண்டும். அந்த மூன்று இடங்களுக்கும் மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். உங்கள் சம்பவங்களில் இரண்டை எழுதி அனுப்பினால் நான் படித்துச் சொல்கிறேன்.